வீட்டையும் வாசலையும் படம் எடுப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோம்பேட்டையில் ஒரு வீட்டின் கீழ்ப்போர்ஷனில் குடியிருக்கிறோம். 11 வருடமாக அந்த வீடு, அதன் வாசல், மொட்டை மாடி, எங்கள் தெரு, இவற்றை மட்டுமே படம் எடுத்துவருகிறேன். பார்த்த உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் தாங்களும் எடுக்க ஆசைப்படுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வீட்டுக்குள் படம் எடுக்க அப்படி என்ன இருக்கிறது?

எங்கள் ஆல்பங்களில் கல்யாணம் உண்டு, காதுகுத்து உண்டு, திருப்பதியில் மொட்டை போட்டது உண்டு. என் பாட்டி 40 வருடம் நின்று சமைத்த அடுக்களை ஒரு படத்தில்கூட இல்லை. 1994-ல் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். விளக்கு மாடம் எந்தச் சுவரில் இருந்தது என்பதில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பாட்டியின் முகத்துக்குப் படம் இருக்கிறது: ஸ்டுடியோவில், பட்டுப்புடவையில், பக்கத்தில் பிளாஸ்டிக் பூ ஜாடியோடு. நாளெல்லாம் அவர் என்ன செய்தார் என்பதற்குப் படம் இல்லை. நான் கேமராவை வீட்டுப் பக்கம் திருப்பியது அந்தக் குறையால்தான்.

பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. பிலிம் சுருள் ஒன்றில் 36 படம். கழுவத் தனிக் காசு, பிரிண்ட் போடத் தனிக் காசு. விசேஷத்துக்கென்று பத்திரப்படுத்தியது நியாயம்தான். இன்று நம் கையில் அந்தத் தடை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகைப்படக் கலை பிறந்ததே வீட்டு ஜன்னலில்தான். கேமராவால் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது, பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827-ல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. வெள்ளீயக் கலவைத் தகட்டில் ஒருவகைத் தாரைப் பூசி, மணிக்கணக்கில் வெயிலில் வைத்து எடுத்தார். அதில் இருப்பவை பக்கத்துக் கட்டடங்களின் கூரையும் ஒரு மரமும்தான். இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844-ல் எடுத்த புகழ்பெற்ற படத்தில், அவர் வீட்டு வளாகத்தில் திறந்து கிடக்கும் ஒரு கதவும் அதில் சாய்த்துவைத்த துடைப்பமும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் கதவு இருக்கிறது, துடைப்பமும் இருக்கிறது.

எந்த கேமரா வாங்கட்டும்?

வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போனே போதும். எடுப்பதற்கு முன் அதன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். சமையலறையில் புழங்கும் போனின் லென்ஸில் எண்ணெய்ப் பசை நிச்சயம் இருக்கும். விளக்கைச் சுற்றிப் புகை போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் அந்தப் பசைதான் காரணம்.

முகத்தை எடுக்கும்போது மட்டும் ஒரு கவனம். போனின் வழக்கமான லென்ஸ் அகலமாகப் பார்க்கக் கூடியது. மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஒதுங்கிவிடும். இரண்டடி பின்னால் நகர்ந்து, 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள்.

எந்த நேரத்தில் எடுத்தால் நன்றாக வரும்?

இதற்குப் பொதுவான பதில் கிடையாது, உங்கள் வீட்டுக்கென்று ஒரு பதில் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். படமே எடுக்காமல், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவாருங்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். சமையலறை தென்கிழக்கில், அக்னி மூலையில் இருக்கிறது. கிழக்கே ஒரு ஜன்னல். அடுப்பு அதன் கீழே. அம்மா கிழக்கே பார்த்து நின்று சமைப்பதால் காலை வெயில் நேராக அவர் முகத்தில் விழும். நான் பக்கவாட்டில், ஃபிரிட்ஜுக்கு அருகே நின்றால் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகள் பலவற்றில் இதே அமைப்பு இருக்கும். காலை ஏழு முதல் எட்டரை வரை அங்கே நின்று பாருங்கள்.

மாதத்துக்கு மாதம் இது மாறும். சென்னையில் சூரியன் ஜூனில் 5.45-க்கு முன்பே உதித்துவிடும், ஜனவரியில் 6.30-ஐத் தாண்டித்தான் உதிக்கும். இடமும் நகரும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் கிழக்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் அறையின் வடக்குச் சுவரை நோக்கிச் சாயும். ஆனியில் அதே ஜன்னல் வெயில் தெற்குப் பக்கம் போகும். மார்கழியில் எங்கள் அரிசி டிரம்மில் விழும் வெயில், ஆனியில் சிங்க் ஓரத்துக்கு வந்துவிடுகிறது.

சித்திரை வெயிலில் வாசலில் நிற்பவரை நண்பகலில் எடுக்காதீர்கள். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருகிறது. நட்டுவைத்த கம்புக்குக்கூட அன்று உச்சி வேளையில் பக்கவாட்டு நிழல் இருக்காது. அப்படிப்பட்ட வெயிலில் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் வாருங்கள். வெளியே வெந்த தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், கூடத்துக் கூரையை மென்மையாக நிரப்பியிருக்கும். பாயில் படுத்துத் தூங்குபவர்களை எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் எனக்குக் கிடைத்ததில்லை.

இட்லிப் பானையைத் திறக்கும்போது எழும் ஆவி, படத்தில் விழுவதே இல்லையே?

ஆவிக்குப் பின்னால் இருட்டும், ஆவியின் மேல் பின்பக்கத்து வெளிச்சமும் வேண்டும். ஜன்னலை நேராகப் பார்க்காமல், சற்றே சாய்வாக, ஜன்னலுக்குப் பக்கத்திலுள்ள நிழல் சுவர் பின்னணியாக வரும்படி நில்லுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். திரையில் தட்டினால் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். மூடியைத் தூக்கிய பிறகு எடுத்தால் பிந்திவிடும். கை மூடியைத் தொடும்போதே பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுங்கள். முதலில் ஒரே வெள்ளைத் திரையாக வரும். அது பிரிந்து, துணியின் மடிப்பும் ஒவ்வொரு குழியின் வட்டமும் தெரியத் தொடங்கும் படம் ஒன்று நடுவில் இருக்கும். அதுதான் வேண்டியது.

சமையலறைப் படம் ஒரு பக்கம் நீலமாகவும் இன்னொரு பக்கம் மஞ்சளாகவும் வருகிறதே?

ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், பல்புக்கு இன்னொரு நிறம். நம் கண் இரண்டையும் சமன் செய்துகொள்ளும், கேமராவால் முடியாது. பகலில் விளக்கை அணையுங்கள், தீர்ந்தது.

இரவில் சில எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. போனில் கைமுறை வசதி இருந்தால் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், கோடு மறையும்.

கேமராவைக் கண்டதும் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றுவிடுகிறார். இயல்பாக எடுப்பது எப்படி?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதுதான். நான் செய்வதைச் சொல்கிறேன்.

நிமிர்ந்து நிற்கும் அந்தப் படத்தை முதலில் எடுங்கள், மனசார எடுங்கள். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஒரு ஆசை உண்டு. அதை எடுத்துக் காட்டி, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அங்கேயே இருங்கள். அவர் கீரை ஆயத் திரும்புவார். உங்கள் படம் அப்போது தொடங்குகிறது.

கையில் வேலை இருக்கும் மனிதருக்குக் கேமரா சீக்கிரம் மறந்துபோகும். பூ கட்டும்போது, அரிசி புடைக்கும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது எடுங்கள். போனின் ஓசையை அணைத்துவையுங்கள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா" என்று சொல்லவே சொல்லாதீர்கள். சொன்ன நொடியில் அவர் உங்களுக்காக ஆயத் தொடங்கிவிடுவார். முகம் வேண்டாம் என்றால் கையை எடுங்கள். முருங்கைக்கீரையை உருவும்போது கட்டைவிரல் நகத்தில் ஏறும் பச்சைக் கறை, பூ கட்டும் விரலில் சுற்றிய வாழைநாரின் ஈரம், இவற்றைப் பார்த்தாலே அது யார் கை என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு கண்டிப்பு வைத்திருக்கிறேன். அவர் அழிக்கச் சொன்னால் அங்கேயே, அவர் கண்ணெதிரே அழித்துவிட வேண்டும். நைட்டியில் எடுக்காதே என்று அம்மா ஒருமுறை சொன்னார், அதன்பிறகு எடுத்ததில்லை. அடுத்தது, அவர் வேலை செய்ய நான் சுற்றிச் சுற்றி நின்று படம் மட்டும் பிடிப்பது எனக்கு உறுத்தும். வெங்காயத்தை உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கேமராவைத் தொடுவேன். கூடவே உட்கார்ந்து ஆய்ந்தவனுக்கு, எந்த இடத்தில் கை ஒரு நொடி நிற்கும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது. ஒதுக்கிவைத்துவிட்டு எடுக்கலாமா?

ஒதுக்காதீர்கள். 1980-களின் கல்யாணப் படங்களை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை முகத்தைத் தாண்டி, பின்னால் இருக்கும் ரேடியோப் பெட்டி, குத்துவிளக்கு ஸ்டாண்டு, சுவரில் ஒட்டிய கம்பெனிக் காலண்டர், இவற்றில்தான் கண் நிற்கும். இன்று அலங்கோலம் என்று ஒதுக்குகிறோமே, சார்ஜர் வயர், மாத்திரை டப்பா, கேஸ் புத்தகம், ஃபிரிட்ஜ் மேல் அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள், 20 வருடம் கழித்துப் பிள்ளைகள் தேடப்போவது அவற்றைத்தான். தினசரி தேதி கிழிக்கும் காலண்டரும் படத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது, படத்துக்குத் தேதி தானாகக் கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் திருப்பிவைக்கலாம். மேலே கிடக்கும் ஆதார் அட்டை, பாஸ்புக், கடிதத்தின் முகவரி.

கோலத்தை எப்படி எடுப்பது? மேலிருந்து எடுத்தால் அச்சடித்த மாதிரி இருக்கிறது.

அச்சடித்த மாதிரி வருவது புள்ளிக் கணக்கைக் குறித்துவைக்கப் பயன்படும். அதையும் ஒன்று எடுத்துவையுங்கள். பிறகு குனிந்து, முழங்கால் உயரத்துக்குப் போனைக் கொண்டுவாருங்கள். சூரியன் எழுந்து அரை மணி நேரத்துக்குள் வெயில் தரையோடு தரையாகப் படுத்து வரும். மாவின் ஒவ்வொரு பொடிக்கும் சிறு நிழல் விழும். கோலம் தரையிலிருந்து மேடாக எழுந்து நிற்பது அப்போதுதான் தெரியும்.

சாணமோ தண்ணீரோ தெளித்த தரை கறுப்பாக இருப்பதால், கேமரா எல்லாவற்றையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். கோடுகள் வெளிறிப்போகும். சூரியக் குறியைக் கீழே இழுங்கள். போடும் கையோடு சேர்த்து எடுப்பது எனக்கு இன்னும் பிடிக்கும். ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே மாவு இறங்குவதைப் பிடிக்க ஷட்டர் வேகம் 1/250 இருந்தால் நல்லது. பால்காரரின் வண்டி ஏறிய பிறகு வாசலில் நிற்கும் பாதிக் கோலத்தையும் விடாதீர்கள்.

இஸ்திரிக்கார அண்ணன், பூக்கார அக்கா, காய்கறி வண்டிக்காரர், இவர்களை எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். தினமும் பார்க்கிறவர்கள், நாளைக்கும் பார்க்கப்போகிறவர்கள். முதல் படத்தை 4×6 அளவில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். எங்கள் தெரு இஸ்திரிக்கார அண்ணன், தான் வேலை செய்யும் படத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை என்றார். வண்டியின் கூரைத் தகரத்துக்குக் கீழே அதை ஒட்டிவைத்திருக்கிறார். கரியைச் சுளகால் விசிறும்போது பறக்கும் பொறியை எடுக்க, இப்போது அவரே என்னைக் கூப்பிடுகிறார்.

மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்குள் கேமராவைத் திருப்புவது வேறு விஷயம். ஒரு பெண் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பும் அந்தரங்க நிலையில் அவரைப் படம் எடுப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம் அது. எங்கள் மாடியில் நான் கொடித் துணிகளை நிறைய எடுப்பேன். பக்கத்து வீட்டுக் கொடி படத்துக்குள் வந்தால் நகர்ந்துகொள்வேன்.

குழந்தைகள் படத்தை வெளியே பகிரலாமா?

குளிக்கும் படம், துணியில்லாத படம், பள்ளி அடையாள அட்டை தெரியும் படம், மூன்றும் குடும்ப ஆல்பத்தைத் தாண்டக்கூடாது. போன் அமைப்பில் கேமராவுக்கான இருப்பிட அனுமதியை அணைத்துவையுங்கள். இல்லையென்றால் வீடு இருக்கும் இடமே படக் கோப்புக்குள் பதிவாகிவிடும். எடுக்கும்போது அவர்கள் உயரத்துக்குக் குந்துங்கள். மேலிருந்து எடுத்தால் உச்சந்தலைதான் வரும்.

முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாகக் கட்டிலில் இருக்கிறேன். ஒரு ஜன்னல்தான் தெரிகிறது. நான் என்ன எடுக்க முடியும்?

இதைக் கேட்டது எங்கள் தெருவிலிருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்கு நான் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன்.

செக் நாட்டின் ஜோசஃப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிராகா நகரில் தன் சிறிய ஸ்டுடியோவின் ஜன்னலை 1940 முதல் 1954 வரை எடுத்தார். முதல் சில வருடங்கள் நகரம் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது, வெளியே கேமராவோடு திரிவது ஆபத்து. கண்ணாடியில் படிந்த நீர்த்துளி, விளிம்பில் ஒரு தம்ளரில் பூ, வெளியே கோணலாக வளைந்த ஒரு மரம். 14 வருடத்துக்கும் அந்த ஜன்னல் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஹங்கேரியில் பிறந்த ஆந்த்ரே கெர்டெஸ் நியூயார்க்கில் 12-வது மாடியில் வாழ்ந்தார். 1977-ல் மனைவி எலிசபெத் இறந்தார். 80 வயதைத் தாண்டிய கெர்டெஸ் ஒரு சிறு போலராய்டு கேமராவை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மனைவியின் தோளை நினைவூட்டிய ஒரு கண்ணாடிச் சிலையை விளிம்பில் வைத்து, அதனுள் வெளிச்சம் மாறுவதைப் படம் படமாக எடுத்தார்.

டீச்சர் தன் ஜன்னல் கம்பியையும், அதில் காலை எட்டு மணிக்கு வரும் காக்கையையும், அதற்கென்று வைக்கும் சோற்றையும் எடுக்கத் தொடங்கினார். ஒரே இடத்திலிருந்து, போனைத் தலையணைமேல் சாய்த்து. 70-க்கும் மேற்பட்ட படங்கள். மழை பிடித்த வாரத்தில் கம்பியில் வரிசையாகத் தொங்கும் துளிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் எதிர்வீடு தலைகீழாக. நான் நடமாடி எடுத்த எதையும்விட அந்தப் படம் எனக்கு உசத்தி.

எடுத்த படங்களை எப்படிக் காப்பாற்றுவது?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு சுருங்கிவிடும். அசல் வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பிரதி வையுங்கள்: போனில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் தம்பி தங்கை வீட்டில் ஒன்று.

பிறகு பிரிண்ட் போடுங்கள். 4×6 பிரிண்ட் தெளிவாக வர 1800×1200 புள்ளிகள் போதும், எந்தப் போன் படமும் அதைத் தாண்டியிருக்கும். பின்பக்கம் யார், எங்கே, என்றைக்கு என்று மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பென்சில் ஏறாத வழவழத் தாளாக இருந்தால் உறையின் மேல் எழுதுங்கள். ஃபிரேம் போடும்போது படம் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவே அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்க முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னையிலும் புறநகரிலும் எத்தனையோ வீடுகளில் ஆல்பங்கள் நனைந்தன. அப்படி நனைந்தால் காயவிடாதீர்கள், காயும்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டு, மெதுவாகப் பிரித்து, படம் மேலே பார்க்கும்படி நிழலில் காயவையுங்கள். உடனே செய்ய நேரமில்லையென்றால் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

பாட்டி தவறிவிட்டார்கள். அவர்களை இப்படி ஒரு படம்கூட எடுக்கவில்லை. இனி என்ன செய்வது?

முதலில் மற்றவர்களின் கல்யாண ஆல்பங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பின்னணியில், பந்தி ஓரத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் நிற்கும் படம் ஏதாவது ஒன்றில் இருக்கும். அந்தப் பக்கத்தை ஜன்னலோரம் சாய்த்துவைத்து, பிளாஷ் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவர் கைபட்ட சாமான்களை எடுங்கள். என் பாட்டியின் தோசைத் திருப்பி எங்களிடம் இருக்கிறது. வலதுகைக்காரர் வீட்டில் அதன் இடது முனைதான் தேயும். இதில் வலது முனை அரை அங்குலம் தேய்ந்து, கத்தி போல மெலிந்திருக்கிறது. பாட்டி இடதுகைக்காரி. பந்தியில் வலது கையால் பரிமாறச் சொல்லி அவரைப் பழக்கினார்களாம், அடுப்படியில் மட்டும் யாரும் கேட்கவில்லை. பின்கட்டுச் சிமெண்ட் தரையில் அதை வைத்து, மாலை நாலரை வெயில் சாய்வாகப் படும்போது, தேய்ந்த முனையின் நிழல் தரையில் விழும்படி எடுத்தேன். காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கி, பாட்டியின் ஸ்டுடியோ படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.